கட்டைகள் இல்லாத சிந்தசைசர்

1972 ஜூனில் லண்டனின் ஐலண்ட் நிறுவனம் 'ராக்ஸி மியூசிக்' என்ற புதுக் குழுவின் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. ஆல்பத்துக்கும் அதே பெயர்தான். அட்டையில் குழுவினர் யாரும் இல்லை. பழைய சினிமா நட்சத்திரம்போல அலங்கரித்துக்கொண்ட ஒரு மாடல் சாய்ந்து கிடக்கிறார். உள்ளே விரித்தால்தான் ஆட்கள் தெரிகிறார்கள். அவர்களும் விலங்குத்தோல் போன்ற சட்டையும் மினுமினுப்புமாக இருக்கிறார்கள்.

இந்தப் பளபளப்புக்கு அன்றைய பிரிட்டனில் கிளாம் ராக் என்று பெயர். ஆண்கள் மேக்கப் போட்டுக்கொண்டு, கால் தானாகத் தாளம் போடுகிற நேரடியான பாட்டுகளைப் பாடினார்கள். ஆர்ட் ராக் இதற்கு எதிர்த்திசை: ராக் பாட்டைக் கலைக்கூடச் சோதனைபோல நடத்துவது. இரண்டையும் ஒரே இசைத்தட்டில் சேர்த்ததால்தான் ஐம்பது ஆண்டு தாண்டியும் இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

எப்படிச் சேர்த்தார்கள்? பாடகர் பிரையன் ஃபெர்ரி நியூகாசிலில் ஓவியம் படித்தவர். பாப் ஆர்ட்டின் முன்னோடி ரிச்சர்ட் ஹாமில்டனிடம் பாடம் கேட்டவர். விளம்பரம், சினிமா, கார் படங்களை வெட்டி ஒட்டி ஓவியமாக்கிய ஹாமில்டனின் வழியை மாணவர் பாட்டுக்குள் கொண்டுவந்தார். முதல் பாட்டான 'ரீ-மேக்/ரீ-மாடல்' ஒரு விருந்தின் பேச்சிரைச்சலோடு தொடங்குகிறது. அதன் பல்லவி ஒரு காரின் பதிவு எண்! முடியும் தறுவாயில் ஒவ்வொருவருக்கும் ஓரிரு நொடி கிடைக்கிறது. பேஸ் கிட்டார் அந்த இடைவெளியில் பீட்டில்ஸின் 'டே டிரிப்பர்' மெட்டை வாசித்துவிட்டு நழுவுகிறது.

இனி எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். குழுவில் சிந்தசைசர் பிரையன் ஈனோவுடையது. சிந்தசைசர் என்றதும் கறுப்பு வெள்ளைக் கட்டைகளும் அவற்றின்மேல் ஓடும் விரல்களும்தான் நம் மனதில் வரும். உடனே ஆல்பத்தில் அவர் வாசித்த மெட்டைத் தேடுவோம். பெரிதாக ஒன்றும் அகப்படாது. 'சரி, இறகும் மேக்கப்புமாக மேடையில் சும்மா நின்றவர்தான் போல' என்று முடிவு கட்டிவிடுவோம். நான் இசையறிந்தவன் அல்ல என்று ஈனோவே சொல்லிக்கொண்டதும் இந்த நினைப்புக்குத் தோதாகப் போயிற்று.

உண்மையில் அவருடைய வி.சி.எஸ்.3 கருவியில் கட்டைகளே கிடையாது. 1969இல் லண்டனில் இ.எம்.எஸ். நிறுவனம் கொண்டுவந்த மரப்பெட்டி அது. முகப்பில் வரிசையாகத் திருகுகள், ஒரு சிறு நெம்புகோல், நடுவே பதினாறுக்குப் பதினாறு துளைகள் கொண்ட சதுரம். துளையில் ஊசி செருகினால் ஓர் ஒலி ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் பாயும். எந்த மடையைத் திறந்து எந்தப் பாத்திக்குத் தண்ணீர் விடுவது என்று பார்க்கும் வேலைதான். தண்ணீர் ஈனோவுடையதாக இருக்க வேண்டியதில்லை. கிட்டாரின் ஒலியோ ஓபோ என்ற ஊதுகருவியின் ஒலியோ உள்ளே வந்தால் போதும்.

பெட்டிக்குள் இருந்த ஒரு பகுதியை மட்டும் பார்ப்போம். அதன் பெயர் ரிங் மாடுலேட்டர். உள்ளே வரும் ஸ்வரத்தை அது பெட்டியில் பிறக்கும் இன்னொரு ஒலியோடு பெருக்குகிறது. கிட்டார் நொடிக்கு 440 முறை அதிர்கிறது, பெட்டியின் ஒலி 100 முறை என்று வைத்துக்கொள்வோம். வெளியே வருவது இரண்டின் கூட்டலும் கழித்தலும்: 540, 340. நாம் கொடுத்த 440 காணாமலே போய்விடும்! ஸ்வரக் கணக்குக்குள் அடங்காத அந்த இரண்டும் சேரும்போது காதுக்கு உடைந்த மணிபோல ஓர் உலோக ஒலி கேட்கிறது. வாசித்தவர் ஒருவர், வாசிப்பின் நிறத்தை மாற்றியவர் இன்னொருவர்.

'லேடிட்ரான்' பாட்டை இதை மனதில் வைத்துக் கேளுங்கள். ஆளில்லாத நிலவில் காற்று வீசுவதுபோல சிந்தசைசர் எழும்புகிறது. அதன்மேல் ஆண்டி மெக்கேயின் ஓபோ மெல்ல வருகிறது. முடிவில் பால் தாம்சனின் டிரம்ஸ் குதிரைப் பாய்ச்சலில் ஓட, ஃபில் மன்சனேராவின் கிட்டார் முறுக்கி, நசுங்கி, கிட்டார்தானா என்று கேட்கவைக்கிறது. ஈனோவை அங்கேதான் தேட வேண்டும்.

நடிகர் ஹம்ஃப்ரி போகார்ட்டுக்குச் சமர்ப்பணமான '2எச்பி' பாட்டிலும் அவர் உண்டு. மெக்கே ஊதும் சாக்ஸபோன் டேப்பில் பதிவாகி, சற்றுப் பிந்தித் திரும்பி வந்து, அடுத்து ஊதுவதோடு கலக்கிறது. ஒருவர் ஊதுவது ஒரு கூட்டமாகக் கேட்கிறது.

எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். இரண்டாம் பக்கத்தில் வரும் 'தி பாப்' ஒட்டுப்போட்ட துணிதான். தையல் வெளியே தெரிகிறது. ஆனால் முதல் பக்கத்துக்கு இணையாக அந்த ஆண்டில் வந்த அறிமுக ஆல்பம் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

தேடிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிந்தைய பதிப்புகள் பலவற்றில் இருக்கும் 'வர்ஜீனியா பிளெயின்' அசல் பிரிட்டிஷ் தட்டில் கிடையாது. அது 1972 ஆகஸ்டில் தனியாக வந்து பிரிட்டனில் நான்காம் இடம் பிடித்த பாட்டு. முதல் முறை அதைத் தாண்டிவிட்டு இயர்போனில் கேளுங்கள். பிடித்துப்போனால் 1973இல் வந்த 'ஃபார் யுவர் பிளெஷர்' இருக்கிறது. ஈனோ இந்தக் குழுவோடு செய்தவை இந்த இரண்டு ஆல்பங்கள்தான். அதே ஆண்டு அவர் விலகிவிட்டார்.