சித்திரத்திலிருந்து மாதிரித் துண்டு வரை

நெசவாளர் சங்கங்களில் இளைஞர்களான அங்கத்தினர் சிலர் பூவையும் இலையையும் பார்த்து அழகாகச் சித்திரம் வரைகின்றனர். இது மிகவும் வரவேற்கத்தக்கது. எனினும் காகிதத்தில் நன்றாயிருக்கும் சித்திரம் யாவும் துணியில் நன்றாயிருக்கும் என்று எண்ணிவிடலாகாது. இடையில் செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. அதைச் செய்யாமல் விட்டதனால் ஒரு சங்கம் அடைந்த நஷ்டத்தை நான் நேரிற் கண்டேன்.

அச்சங்கத்தின் அங்கத்தினர் ஒருவர் பூவரசிலையைப் பார்த்துக் கரைக்கு ஒரு சித்திரம் வரைந்தார். பஞ்சாயத்தாரும் மகிழ்ந்து, மாதிரி நெய்து பாராமலே நான்கு தறிகளுக்கு ஜக்கார்டு அட்டை அடிக்கச் செய்துவிட்டனர். முதற் சேலை இறங்கியதும் பார்த்தால், பூவரசிலை நீண்டு வெற்றிலையாகிவிட்டது! அட்டைகளை மறுபடியும் அடிக்கவேண்டி வந்தது. நான்கு குடும்பங்கள் அத்தனை நாளும் கூலியின்றி இருந்தன. நெய்து முடிந்த சேலைகளோ அடக்க விலைக்கும் போகவில்லை.

பிழை வரைந்தவருடையது அன்று, கட்டத்தாளினுடையது. அத்தறியில் அங்குலத்துக்குப் பாவு இழை 80, ஊடை 60. சித்திரத்தை மாற்றி எழுதியதோ சாதாரணச் சதுரக் கட்டத்தாளில். இலை 80 கட்டம் அகலமும் 80 கட்டம் உயரமுமாக இருந்தது. கட்டம் ஒன்றுக்கு இழை ஒன்று என்பதே கணக்காகையால், தறியில் அகலம் ஓர் அங்குலமாகவும் உயரம் ஓர் அங்குலமும் மூன்றில் ஒரு பங்குமாகவும் வந்தது. உயரத்துக்கு 60 கட்டமே எடுத்திருந்தால் இலை இலையாகவே இருந்திருக்கும். அன்றியும் ஊடை ஒன்றுக்கு அட்டை ஒன்று வேண்டுமாதலால், இலை ஒன்றுக்கு இருபது அட்டைகளும் மிச்சமாகியிருக்கும். இக்காலத்தில் கணிப்பொறியில் கட்டம் நிரப்பும் இடங்களிலும் இக்கணக்கு மாறுவதில்லை. பாவு எத்தனை, ஊடை எத்தனை என்று நாம் சரியாகச் சொல்லாவிடில் அதுவும் வெற்றிலையைத்தான் தரும்.

இனி, இலையை எவ்வாறு பார்ப்பது என்பதைச் சற்று விரிவாகக் கூறுகிறேன். மரத்திலிருந்து ஓர் இலையைப் பறித்து, நடு நரம்பின் வழியே மடியுங்கள். இரு பாதிகளும் ஏறக்குறைய ஒன்றாயிருக்கும். பெட்டியில் கயிறுகளை நடுவிலிருந்து இருபுறமும் எதிரெதிராகக் கட்டினால், பாதி இலையை மட்டும் வரைந்தால் போதும். 80 இழை இலைக்கு 40 கொக்கிகளே செலவாகும். 120 கொக்கிப் பெட்டி வைத்திருக்கும் எளிய அங்கத்தினருக்கு இது பெரிய லாபம்.

பிறகு நரம்புகளைப் பாருங்கள். இலையை முழுதும் சரிகையாலோ வண்ண நூலாலோ நிரப்பினால், நூல் கட்டுப்படாமல் நெடுந்தூரம் மேலே மிதக்கும். அத்தகைய கரை உடுத்துபவரின் மெட்டியிலும் கொலுசிலும் மாட்டிப் பிய்ந்துபோகும். மிதப்பு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படாதிருத்தல் நலம் என்பது என் அபிப்பிராயம். இலையின் சாய்ந்த நரம்புகளை நிரப்பாமல் விட்டால், அவ்விடங்களில் நூல் தானே கட்டுப்படும். இலையும் உயிருள்ளதாகத் தோன்றும். அழகுக்கென்று நாம் நினைக்கும் நரம்பு உறுதிக்கும் உதவுகிறது. ஆயினும் எல்லா நரம்பும் வேண்டா. நடு நரம்பும் பக்கத்துக்கு இரண்டு மூன்றும் போதும்.

நம் முன்னோர் இதை நன்கறிந்திருந்தனர். காஞ்சிபுரத்துச் சேலைகளில் வழங்கும் பெயர்களைக் கேட்டாலே விளங்கும்: மயில்கண், குயில்கண், மல்லிமொக்கு, தாழம்பூ ரேக்கு. மயிலை முழுதும் நெய்ய முயலாமல் பீலியின் கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டனர். மலர்ந்த மல்லிகையை விட்டு மொக்கைப் பிடித்தனர். இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் என்பவர் தம் தோட்டத்தில் ஸ்ட்ராபெரிப் பழத்தைத் திருடித் தின்ற பறவைகளைக் கண்டு, 1883-ஆம் ஆண்டில் ஒரு துணிச் சித்திரம் அமைத்தார். அது இன்றும் புகழுடன் விளங்குகிறது. ஆனால் அது அச்சடிக்கும் துணி. அச்சுக்கு எவ்வளைவும் எளிது. தறியிலோ வளைவெல்லாம் படிக்கட்டாகத்தான் ஏறி இறங்கும்.

பெண் அங்கத்தினர் செய்யும் தையற் பூவேலைக்கு இவ்வளவு கட்டுப்பாடு இல்லை. மெல்லிய தாளில் சித்திரத்தை எடுத்து, கோட்டின்மேல் ஊசியால் நெருங்கக் குத்தி, துணியின்மேல் வைத்து நீலப்பொடி கலந்த மண்ணெண்ணெயைத் தடவினால் புள்ளிகள் விழும். காம்புக்குக் காம்புத் தையலும், ஓரத்துக்குச் சங்கிலித் தையலும் பொருந்தும். நீலகிரியில் தோடர் குலப் பெண்கள் சித்திரமே எழுதிக்கொள்ளாமல், வெண்ணிறத் துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமான நூலால் தைக்கின்றனர். அவ்வேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இழை எண்ணும் பழக்கம் தையலிலும் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அதுவே சான்று.

மாதிரித் துண்டு அரை கஜம் இருந்தால் போதும். அதில் ஊடையின் நிறத்தை இரண்டு மூன்று முறை மாற்றிப் பார்க்கலாம். ஒரே பச்சைப் பாவு, மஞ்சள் ஊடையில் தளிராகவும் கறுப்பு ஊடையில் முற்றிய இலையாகவும் தோன்றுவதைக் கண்டு அங்கத்தினரே வியப்பர். துண்டை இறக்கியதும் பாதியை வெட்டிச் சோப்பு நீரில் நனைத்து, நிழலில் உலர்த்தி, மற்றப் பாதியோடு ஒப்பிடுங்கள். சாயம் ஓடினாலும் துணி சுருங்கினாலும் அப்போதே தெரியும். சென்ற நூல், நெய்த நேரம், அட்டைச் செலவு இவற்றைக் குறித்துக்கொண்டு, அதன்பின் பஞ்சாயத்தார் விலை நிர்ணயிக்கட்டும்.

சித்திரம் வரைந்தவருக்குக் கூலி கொடுக்கும் வழக்கம் நான் பார்த்த பல சங்கங்களில் இல்லை. நெய்பவருக்கும் சாயம் போடுபவருக்கும் கூலி உண்டு; இரவில் விளக்கை வைத்துக்கொண்டு கட்டம் நிரப்பியவருக்கு மட்டும் பாராட்டு! இது நியாயமன்று. மாதிரிச் செலவிலேயே ஒரு தொகையை அவருக்கென்று ஒதுக்கித் தீர்மானம் செய்வது தகும்.

தேறிய மாதிரியில் ஒரு துண்டைச் சங்கத்திலும் மற்றொன்றை விற்பனை நிலையத்திலும் வைக்கவேண்டும். கட்டத்தாளின் ஓரத்தில் பாவு, ஊடைக் கணக்கையும், அட்டை ஒவ்வொன்றிலும் அதன் வரிசை எண்ணையும் மையால் எழுதிவையுங்கள். கயிறு அறுந்து அட்டைகளை மறுபடி கோக்கும்போது ஒன்று இடம் மாறினாலும் இலையின் ஓரத்தில் பல் விழும்.