ஐந்து பேருக்கு எத்தனை அடி படகு?

‘எத்தனை அடி போட்டு எடுக்கலாம்?’

கடலோர ஊர்களில் நாலைந்து பேர் கூட்டாகத் தூண்டில் தொழில் தொடங்க உட்கார்ந்தால், முதலில் வரும் கேள்வி இதுதான். வீட்டு நகையை அடகு வைத்து, மீதிக்குக் கடன் வாங்கித்தான் பல குடும்பங்களுக்குப் படகு வருகிறது. படகின் அளவில் தப்புக் கணக்குப் போட்டால், அதன் வட்டியைக் கட்டப் போவதும் அதே வீடுதான்.

ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கட்டுமரம்தான் எல்லோருக்கும். இரண்டு மூன்று பேர் ஏறுவார்கள், கரைக்கு வந்ததும் கட்டைகளைப் பிரித்துத் தூக்கிப் போவார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் வேகமாகப் பரவின. இன்று 24 அடி முதல் 32 அடி வரை பல அளவுகளில் கிடைக்கின்றன. தேர்வு கூடியபோது குழப்பமும் கூடியது.

முதலில் கரையைப் பாருங்கள்

சென்னை முதல் நாகை வரை பல மீனவ ஊர்களுக்குத் துறைமுகம் கிடையாது. அலை உடையும் திறந்த மணற்கரையில்தான் படகை இறக்கி ஏற்ற வேண்டும். சில இடங்களில் டிராக்டர் வைத்து இழுக்கிறார்கள். அந்த வசதி இல்லாத ஊரில் 32 அடிப் படகை வாங்கினால், ஒவ்வொரு நாளும் பக்கத்துப் படகுக்காரர்களைக் கூப்பிட வேண்டியிருக்கும். ஐந்து பேர் தோள் கொடுத்து நகர்த்த முடியாத படகு, அந்த ஐந்து பேருக்குப் பெரிய படகுதான்.

முகத்துவாரத்திலோ துறைமுகத்திலோ கட்டும் வசதி இருந்தால் இந்தக் கவலை குறையும். அங்கே இரண்டு மூன்று அடி கூடுதலாக எடுப்பதில் தவறில்லை.

கை வீச இடம் வேண்டும்

ஐந்து பேர் உட்கார இடம் இருப்பது வேறு, ஐந்து பேர் ஒரே நேரத்தில் தூண்டில் போட இடம் இருப்பது வேறு. பின்பக்கம் மோட்டாரும் அதை ஓட்டுபவரும். நடுவில் ஐஸ் பெட்டி. முன்பக்கத்து அணியத்தில் நங்கூரமும் கயிறும். மிச்சம் இருக்கும் இடத்தில்தான் மற்ற நால்வர் நின்று வேலை பார்க்க வேண்டும். நெருக்கமாக நின்றால் கயிறுகள் சிக்கும். ஒருவர் இழுக்கும் கொக்கி இன்னொருவர் கையில் ஏறும்.

இதைவிட ஆபத்து, பெரிய வஞ்சிரமோ பாறையோ மாட்டும்போது எல்லோரும் ஒரே பக்கம் சாய்வது. நீளம் போதுமாக இருந்தாலும் அகலம் குறைந்த படகு அந்த நேரத்தில் தண்ணீர் மொண்டுவிடும். அதனால் நீளத்தை மட்டும் கேட்காமல், நடுப்பகுதியின் அகலத்தையும், ஆட்கள் ஏறிய பிறகு விளிம்பு தண்ணீருக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்பதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

திரும்பி வரும் எடை

படகு கட்டும் பட்டறையில் போட வேண்டிய கணக்கு, திரும்பி வரும்போது ஏறியிருக்கும் எடை. ஓர் உதாரணம்: ஆளுக்கு 65 கிலோ வீதம் ஐந்து பேர் 325 கிலோ. மோட்டார் 45, எரிபொருள் 40, ஐஸ் 100. தூண்டில் கயிறு, நங்கூரம், கூடவே நனைந்த வலை என்று 200. நல்ல பாடு என்றால் மீன் 300. கூட்டினால் ஆயிரம் கிலோவைத் தாண்டுகிறது. வழியில் எரிபொருள் தீர்வதும் ஐஸ் உருகுவதும் மீன் எடைக்கு முன்னால் பெரிய கணக்கில்லை.

காலையில் லேசாகப் போன படகு, காற்று கூடிய மத்தியானத்தில் கனமாகத் திரும்புகிறது. கரையை ஒட்டி அலை உடையும் இடத்தைக் கடக்கும்போதுதான் அந்த எடை வேலையைக் காட்டும்.

பங்கு கணக்கு

ஒரு நாள் பாட்டில் எரிபொருள், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மீதியில் படகுக்கும் மோட்டாருக்கும் ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பது வழக்கம். விகிதம் ஊருக்கு ஊர் மாறும்.

பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் போகும் படகில் 12,000 ரூபாய்க்கு மீன், செலவு 4,000. மீதி 8,000-ல் ஆட்களுக்கு 4,000. ஆளுக்கு 800 ரூபாய். படகு பெரிதாகி, செலவு 7,000 ஆகி, ஆட்களும் ஏழு பேரானால், அதே 800 கிடைக்க 18,200 ரூபாய்க்கு மீன் பிடித்தாக வேண்டும். பெரிய படகு கூடுதல் மீனைக் கொண்டுவரலாம். ஆனால் தினமும் இவ்வளவு கூடுதலாகக் கொண்டுவருமா என்பதைத்தான் கூட்டாளிகள் பேச வேண்டும்.

ஆள் கிடைப்பதும் இதில் சேரும். சுனாமிக்குப் பிறகு உதவியாகப் படகுகள் குவிந்தபோது, கூலிக்குப் போனவர்கள் பலர் உரிமையாளர் ஆனார்கள். சில ஊர்களில் படகு இருந்தும் கூட வர ஆள் இல்லாமல் போனது.

பெரிதினும் பெரிது கேட்டால்...

பாக் நீரிணையின் இழுவைப் படகுகளுக்கு மாற்றாக, ஆழ்கடல் சூரை மீன் தூண்டில் படகுத் திட்டம் 2017-ல் ராமேஸ்வரத்தில் தொடங்கியது. ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாய். அதில் 70 சதவிகிதம் மத்திய, மாநில அரசுகளின் மானியம். அப்படியும் மூன்று ஆண்டுகளில் 2,000 படகுகள் என்ற இலக்கு எட்டாத தூரத்திலேயே நின்றது. ஒரே நாளில் போய்த் திரும்பிப் பழகிய குடும்பங்களுக்கு நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் தொழில் வேறு பழக்கம், வேறு முதலீடு.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்கு உண்டு. மோட்டார் பொருத்திய சிறிய நாட்டுப்படகுகள் அப்போதும் கடலுக்குப் போகலாம். தடைக்காலத்திலும் கடன் வட்டி நிற்காது.

குமரி மாவட்டத் தூத்தூர் வட்டார மீனவர்கள் ஆழ்கடல் தூண்டிலில் பேர் பெற்றவர்கள். பெரிய படகு அவர்களுக்குப் பொருந்துகிறது, தலைமுறை அனுபவம் இருக்கிறது. அவர்களும் 2017 ஒக்கி புயலில் பெரும் இழப்பைச் சந்தித்தார்கள். முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தூரம் போகும் படகுக்குத் தொலைத்தொடர்புக் கருவியும் விலையில் ஒரு பகுதிதான்.

முன்பணம் கொடுக்கும் முன்...

காலையில் போய் மாலைக்குள் திரும்பும் ஐந்து பேருக்கு, திறந்த கரையென்றால் 28 அடியை ஒட்டிய, நடுவில் நல்ல அகலமுள்ள படகில் தொடங்கிப் பார்க்கலாம். அதே அளவில் ஏற்கெனவே ஓடும் படகில் ஐந்து பேரும் ஒரு வாரம் தொழிலுக்குப் போய் வாருங்கள். ஐஸ் பெட்டி நிறைந்த ஒரு நாளும், காற்று கூடிய ஒரு நாளும் அதில் அமையட்டும். பட்டறைக்காரரிடம் விலை பேசும்போது, ஐந்து லைஃப் ஜாக்கெட்டுகளுக்கான பணத்தையும் வைக்க இடத்தையும் சேர்த்தே பேசி முடியுங்கள்.