பிளானை மாற்றும் முன் பிங்கைப் பாருங்கள்

திண்டுக்கல் நாகல் நகரிலோ பேகம்பூரிலோ சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் மாலை ஏழு மணிக்கு வைஃபையை ஆன் செய்தால், அக்கம்பக்கத்து ரூட்டர்களின் பெயர்கள் செல்பேசித் திரையில் வரிசையாக வந்து நிற்கும். அந்த நேரத்தில்தான் வீட்டுப் பையனும் பிஜிஎம்ஐ ஆட்டத்தில் இறங்கியிருப்பான். பச்சையாக 40 காட்டிய பிங், அதாவது தகவல் போய்த் திரும்பும் மில்லி நொடிக் கணக்கு, 300-க்கு ஏறிச் சிவக்கும். எதிரி சுட்டு முடித்த பிறகுதான் குண்டு பட்டதே தெரியும். “லேக் அடிக்குதுப்பா, பெரிய பிளான் போடுங்க” என்பான். போட்டுக் கொடுத்தாலும் பெரும்பாலான வீடுகளில் அந்தக் காசு வீண்தான்.

ஏனென்றால் ஆட்டத்துக்கு வேகம் அதிகம் தேவையில்லை. 30 எம்பிபிஎஸ் இணைப்பே தாராளம். சின்னச் சின்னத் தகவல் பொட்டலங்கள் தாமதிக்காமல், தொலையாமல் போய்த் திரும்ப வேண்டும், அவ்வளவே. தூரத்தால் வரும் தாமதத்தை யாராலும் நீக்க முடியாது. வேலரண்ட் ஆட்டத்தின் சர்வர் மும்பையில் இருக்கிறது. இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 1,100 கி.மீ. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. ஓடுவதால், போய்வர 11 மில்லி நொடியாவது ஆகும். கேபிள் சுற்றிப் போவதால் நடைமுறையில் அதைவிடக் கூடும். அது ஒரே சீராக இருந்தால் கை பழகிவிடும். திடீரென எகிறும் பிங்குக்குத்தான் பழக முடியாது.

முதலில் கோளாறு எங்கே என்று பிரித்துப் பாருங்கள். கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பிங் கட்டளையோடு ரூட்டரின் முகவரியை அடியுங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1, ரூட்டரின் அடியிலேயே அச்சிட்டிருக்கும். கடைசியில் ஒரு சின்னக் கோடும் ‘டி’ எழுத்தும் சேர்த்தால் நிற்காமல் ஓடும். இன்னொரு விண்டோவில், வீட்டுக்கு வெளியே இணையத்தில் இருக்கும் 8.8.8.8 என்ற முகவரிக்கும் அதேபோல் ஓட விடுங்கள். ரூட்டரிடமிருந்தே பதில் சில மில்லி நொடிக்குள் வராமல் நூறு, இருநூறு என்று தாவினால், நெட் கொடுப்பவரைத் திட்டிப் பயனில்லை. தவறு வீட்டுக்குள் இருக்கிறது.

முதல் சந்தேகம் வைஃபை மீதுதான். அதன் பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 13 சேனல்கள் இருந்தாலும், ஒன்றோடொன்று மோதாமல் பயன்படுத்தத் தோதானவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். தெருவே அந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்கிறது. புளூடூத் இயர்போனும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைதான். ஆகவே 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். ஆனால் அது சுவர்களைத் தாண்டும்போது சீக்கிரம் வலுவிழக்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் தளம் எல்லாமே தடை. இரும்பு அதைவிட மோசம். பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பேர்போன இந்த ஊரில், கேபிள் அங்கேதான் நுழைகிறது என்பதற்காக ரூட்டரை ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்கள். விளையாடும் அறைக்கு நேர்பார்வையில், ஆள் உயரத்துக்கு மேல் மாட்டினாலே பாதிச் சிக்கல் தீரும்.

மீதியைத் தீர்க்க லேன் கேபிளைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரிந்து இல்லை. கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். ஜன்னல் வழியாக மாடிக்கு ஏற்றிவிடலாம். டைப் சி லேன் அடாப்டர் போட்டால் பல செல்பேசிகளிலும் வேலை செய்யும்.

கேபிள் மாட்டியும் பிங் ஏறுகிறதா? வீட்டில் வேறு யாராவது பெரிய வீடியோவை ஏற்றுகிறார்களா, செல்பேசி புகைப்படங்களை பேக்கப் எடுக்கிறதா என்று பாருங்கள். ரயில்வே கேட்டில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிய பைக் போல, ஆட்டத்தின் சின்னப் பொட்டலங்கள் ரூட்டருக்குள் வரிசையில் காத்துக் கிடக்கும். போக்குவரத்தை முறைப்படுத்தும் கியூஓஎஸ் வசதியுள்ள ரூட்டரில் பதிவேற்ற, பதிவிறக்க வேகத்தை உண்மையான அளவில் 85 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தினால் வரிசை குறையும்.

ரூட்டர் வரை எல்லாம் சீராக இருந்து, யாரும் எதையும் ஏற்றாதபோதும் 8.8.8.8 மட்டும் விட்டுவிட்டு வந்தால், குறை வெளியே. மின்கம்பம் மாறி மாறித் தொங்கிவரும் ஃபைபர், ஆடிக் காற்றில் இழுபட்டோ ஆணியில் கூர்மையாக மடங்கியோ இருக்கலாம். அப்போது கேபிள்காரரிடம் “நெட் ஸ்லோ” என்று சொல்லாதீர்கள். பிங் திரையைப் படமெடுத்து அனுப்பி, ஒளியளவைப் பவர் மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமான ஃபைபர் இணைப்புக்கு மைனஸ் 27 டிபிஎம் எல்லையை ஒட்டியது. மைனஸ் 20-ஐ ஒட்டி வந்தால் கவலையில்லை.