ஆறு பேரில் ஒருவர்

தி.மு.க. ஆட்சியை 'தேர்ட் ரேட்' என்று சட்டப்பேரவையில் ஒருமுறை சொல்லிவிட்டார் டாக்டர் எச்.வி.ஹண்டே. முதல்வர் கருணாநிதி கோபப்படவில்லை. மூன்றாம் தரம்கூட இல்லை, இது நான்காம் தர அரசு, சூத்திரர்களின் அரசு என்று திருப்பிக் கொடுத்தார். அந்தப் பதில் இன்றைக்கும் மேடைக்கு மேடை சொல்லப்படுகிறது, கைதட்டல் வாங்குகிறது. அந்தப் பதிலைக் கிளப்பிவிட்டவர் எந்தத் தொகுதிக்காரர் என்று கேட்டால் யாருக்கும் ஞாபகமில்லை. அவர் பூங்காநகர் எம்.எல்.ஏ. யானைக்கவுனிக்குப் பக்கத்துத் தொகுதி. ராஜாஜியின் சுதந்திரா கட்சிக்காரர்.

வடசென்னை என்றால் துறைமுகம், தொழிற்சங்கம், செங்கொடி, இருவண்ணக் கொடி என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். அந்த வடசென்னையின் ஓரத்தில் வலதுசாரி என்று பகிரங்கமாகச் சொல்லிக்கொண்ட ஒரு கட்சி இரண்டு முறை ஜெயித்திருக்கிறது. 1967-இல் ஒரு முறை, 1971-இல் இன்னொரு முறை. இரண்டு முறையும் ஹண்டேதான். கோவையில் 1927-இல் பிறந்த கன்னடக் குடும்பத்துப் பிள்ளை, தொழில் டாக்டர். சௌகார்பேட்டையின் சேட்டுகளும், தெலுங்கு வியாபாரிகளும், தமிழ்க் குமாஸ்தாக்களும் கலந்து வாழ்ந்த பகுதிக்கு அவர் பிரதிநிதியானது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தத் தெருக்களுக்கு அரசாங்கத்தோடு பழைய கணக்கு உண்டு. கறுப்பர் நகரம் என்று அன்றைக்கு அழைக்கப்பட்ட இந்தப் பகுதியைச் சுற்றி மதில் கட்டிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள், அதன் செலவை ஊர்க்காரர்களிடம் வரியாக வசூலிக்கப் பார்த்தார்கள். வரி வசூலாகவில்லை, வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. 1959-இல் ராஜாஜி தன் 80-வது வயதில் கட்சி தொடங்கி, எதற்கெடுத்தாலும் லைசென்ஸ், எதற்கெடுத்தாலும் பெர்மிட் என்று நடக்கும் ஆட்சியைச் சாடியபோது, அவர் பேச்சு இந்தத் தெருவுக்குப் புரியாமலா இருந்திருக்கும்?

அதிலும் 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாடு. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றது டெல்லி. தாலிக்கும் அதே கதிதான். தங்கசாலைச் சந்துகளில் பொற்கொல்லர் பட்டறை என்பது பெரும்பாலும் மாடிப்படிக்கு அடியில் ஒரு இடுக்கு. ஒரு குமுட்டி, ஒரு ஊதுகுழல், சம்மணம் போட்டு உட்கார ஒரு பலகை, அவ்வளவுதான். சாயங்காலம் தரையைப் பெருக்கினால் அந்தக் குப்பையைக்கூடக் கொட்டமாட்டார்கள், பொட்டலம் கட்டி வைப்பார்கள். அதில் தங்கத் தூள் இருக்கும். அப்படிக் குன்றிமணி குன்றிமணியாகப் பிழைத்தவர்களுக்கு ஒரே அறிவிப்பில் வேலை போனது. நாடு முழுவதும் பொற்கொல்லர்கள் தவித்தார்கள், உயிரை விட்டவர்களும் உண்டு. 1968-இல் அது தனிச் சட்டமாகவே ஆகி, 1990-இல்தான் ஒழிந்தது. சுதந்திராவின் நட்சத்திரச் சின்னத்துக்கு இங்கே விழுந்த ஓட்டை இதையெல்லாம் விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

சுதந்திரா ஜமீன்தார்களும் மில் முதலாளிகளும் நடத்திய கட்சி, 1967-இல் அது தி.மு.க. கூட்டணி அலையில் கரையேறியது என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் 1971-க்கு என்ன சொல்வார்கள்? அப்போது கூட்டணி மாறிவிட்டது. ராஜாஜியும் காமராஜரும் ஒரே பக்கம். தி.மு.க. 184 இடங்களை அள்ளியது. முந்தைய தேர்தலில் 20 இடம் பிடித்த சுதந்திரா கட்சிக்குத் தேறியது ஆறே ஆறு. அந்த ஆறு பேரில் ஒருவர் ஹண்டே.

184 பேருக்கு எதிரே அந்தச் சின்ன வரிசையிலிருந்து எழுந்து பேசுவது எப்படி இருந்திருக்கும்! அந்த ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் தேதி மதுவிலக்குத் தள்ளிவைக்கப்பட்டது. வேண்டாம் என்று கேட்க, 92 வயது ராஜாஜி கொட்டும் மழையில் முதல்வர் வீட்டுக்கே போனார். அரசு அசையவில்லை. ஆனாலும் எதிர்ப்பு என்று ஒன்று இருந்தது, அதற்கு அவையில் ஒரு நாற்காலி இருந்தது. எண்ணிக்கை இல்லாதவரின் வார்த்தைக்கும் முதல்வரே எழுந்து பதில் சொன்ன காலம் அது. 'தேர்ட் ரேட்' விவகாரத்தில் எனக்குப் பிடித்தது கருணாநிதியின் சாமர்த்தியம் மட்டுமல்ல. பதில் சொல்லத் தகுந்த கேள்வியாக அதை அவர் எடுத்துக்கொண்டதும்தான்.

1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தார். இரண்டே ஆண்டுகளில் சுதந்திரா கட்சி வேறொரு கட்சியில் கரைந்தது. ஹண்டே எம்.ஜி.ஆரிடம் போய்ச் சேர்ந்தார். 1980-இல் அண்ணா நகரில் கருணாநிதிக்கு எதிராக எம்.ஜி.ஆர். நிறுத்தியது அவரைத்தான். 699 ஓட்டில் தோற்றார். கருணாநிதி தன் தேர்தல் வாழ்க்கையில் இவ்வளவு நூலிழையில் தப்பியது வேறெங்கும் இல்லை. தோற்றவரை மேலவை வழியாகக் கூட்டிவந்து சுகாதார அமைச்சராக்கினார் எம்.ஜி.ஆர். 1984-இல் எம்.ஜி.ஆர். நோயில் விழுந்து அமெரிக்கா கொண்டுபோகப்பட்டபோது, ஹண்டே என்ன சொல்கிறார் என்றுதான் தமிழ்நாடே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

அமைச்சராக அவர் அவையில் சொன்ன ஒரு செய்தியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பூங்காநகரிலேயே இருக்கும் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, நிர்மலா என்ற மாணவி ரத்த மாதிரிகள் திரட்டினார். 1986-இல் வேலூரில் சோதித்தபோது ஆறு பெண்களின் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. இந்தியாவில் அதுதான் முதல். நம் ஊரில் இந்த நோய் எப்படி வரும் என்று பெரிய மனிதர்களே கேட்ட காலம். மூடி மறைத்திருக்கலாம், மறுத்திருக்கலாம். ஆசாரமும் ராமாயணமும் பேசுகிறவர், பின்னாளில் கம்பராமாயணத்தை ஆங்கிலத்தில் தந்தவர், அந்த மே மாதம் பேரவையில் எழுந்து உள்ளதை உள்ளபடி அறிவித்தார். பழமைவாதி என்றால் பூசி மெழுகுகிறவர் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தோற்ற ஹண்டேக்கு வழிவிட்ட மேலவை அதே 1986 நவம்பரில் கலைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்திருந்தது. தாவலைத் தடுக்க வந்த சட்டம், கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகும் என்றாக்கியது. அடுத்து, 2008 மறுசீரமைப்பில் பூங்காநகர் தொகுதியே இல்லாமல் போனது. துறைமுகம், எழும்பூர் என்று பக்கத்துத் தொகுதிகள் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நியாயம் இருக்கலாம். சேர்த்துப் பார்த்தால் ஹண்டே மாதிரி ஒருவர் உள்ளே வர இருந்த வாசல்கள் ஒவ்வொன்றாக அடைபட்டிருக்கின்றன.

எனக்குக் கவலை இதில்தான். அவை கூடும் நாள்கள் அன்றைக்கு இருந்த அளவு இல்லை. மானியக் கோரிக்கை விவாதம் ஒரே நாளில் இரண்டு மூன்று துறைகளை விழுங்குகிறது. வெட்டுத் தீர்மானங்கள் பேச்சுக்கு வராமலே போகின்றன. முக்கிய அறிவிப்புகள் 110-வது விதியில் வருகின்றன, அதன் மேல் விவாதம் கிடையாது. எந்தக் கட்சி ஆண்டாலும் இதே நடைமுறைதான். எதிர்ப்புக்கு மிஞ்சியது வெளிநடப்பு.

ராஜாஜி சாடிய பெர்மிட் யானைக்கவுனியில் இன்றைக்கும் இருக்கிறது, பெயர் இ-வே பில். 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு வெளிமாநிலம் போனால் அது வேண்டும். வால்டாக்ஸ் ரோடு லாரி புக்கிங் ஆபீஸ்களில் ராத்திரியில் பாருங்கள். மீன்பாடி வண்டியில் வந்த கட்டுகள் ஏறி, தார்ப்பாய் இழுத்துக் கட்டி, டிரைவர் பீடியும் குடித்து முடித்திருப்பார். குமாஸ்தா செல்போனைத் தட்டிக்கொண்டே இருப்பார். பார்ட் பி-யில் வண்டி நம்பர் ஏறாமல் லாரி நகராது. ஒரு எழுத்து மாறினால் வழியில் மடக்குவார்கள், அபராதம் கட்ட வேண்டும். திருட்டுக் கணக்கைத் தடுக்க இது அவசியம் என்று ஒருவர் வாதாடலாம். சின்ன வியாபாரியை இது நசுக்குகிறது என்று இன்னொருவர் பதில் சொல்லலாம். அந்த வாதமும் பதிலும் பேரவையில் நடக்க வேண்டும். நடக்கும் இடமோ வாட்ஸ்அப் குழு.

வியாபாரிகள் தேர்தலுக்கு நன்கொடை தருகிறார்கள், ஜெயித்தவருக்குச் சால்வை போடுகிறார்கள், தங்கள் குறையைத் தனியாகப் போய்க் காதோடு சொல்லிவிட்டு வருகிறார்கள். ஹண்டேயை அனுப்பியவர்கள் அதைச் சபையில் சொல்ல ஆள் அனுப்பினார்கள். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் சாலையும் சாக்கடையும் கேளுங்கள், தப்பில்லை. கூடவே, அவையில் எத்தனை நாள் பேசினீர்கள், உங்கள் கட்சிக்குப் பிடிக்காத எதையாவது ஒருநாளாவது பேசினீர்களா என்றும் கேளுங்கள். அவைக் குறிப்பு அச்சில் இருக்கிறது, அவர் சொல்லும் பதில் சரியா என்று பார்த்துக்கொள்ளலாம்.