கிரைண்டர் போட்டால் கம்ப்யூட்டர் ஏன் அணைகிறது?

சமையலறையில் கிரைண்டர் சுவிட்சைப் போட்டதும் முன்னறைக் கம்ப்யூட்டர் படக்கென்று அணைந்து, தானே மறுபடி எழுந்து நிற்கிறது. "வைரஸா இருக்கும் சார், ஃபார்மேட் போட்டுடலாம்" என்கிறார் பார்க்க வந்த பையன். போட்டாயிற்று. அடுத்த முறை மாவு அரைக்கும்போதும் அதே கதை.

வைரஸ் மேல் பழி போடவும் ஒரு காலம் இருந்தது. 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர், விண்டோஸ் எக்ஸ்பி திரையில் 60 நொடிக் கெடு வைத்து எண்ணிவிட்டு கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யவைத்தது. ஆனால் அது சொல்லிவிட்டு அணைத்தது. சொல்லாமல் கொள்ளாமல் அணையும் பழைய கம்ப்யூட்டரில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை கரண்டும் சூடும்தான். எப்போது அணைகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கிரைண்டர் மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும்; வோல்டேஜ் சரியும். யுபிஎஸ் உடனே பேட்டரிக்குத் தாவும். அந்த 12 வோல்ட் பேட்டரி நான்கு வருடக் கிழடு என்றால் தாவிய வேகத்தில் விழுந்துவிடும். கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு யுபிஎஸ்ஸில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டி, சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். பல்பும் கூடவே அணைந்தால் பேட்டரியை மாற்ற வேண்டியதுதான்.

கேம் ஆடிய பத்து, இருபது நிமிடத்தில் அணைகிறதா? மூடியைக் கழற்றினால் ப்ராசஸர் ஃபேனுக்கு அடியில், அலுமினியத் தகடுகளின் இடுக்கில், கம்பளி மாதிரி தூசி அடைந்திருக்கும். அதைப் பிரஷ்ஷால் எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் மாற்ற வேண்டும்.

திறந்த கையோடு மதர்போர்டில் நிற்கும் சின்னச் சின்ன உருளைகள் மேல் டார்ச் அடியுங்கள். அவைதான் கெப்பாசிட்டர்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். பூரி போல உப்பியோ பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் திருடன் அகப்பட்டான். 2000களின் தொடக்கத்தில் வந்த ஏராளமான மதர்போர்டுகளைப் பிடித்த நோய் இது. டெல் நிறுவனம் தன் ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்களில் வந்த இந்தக் கோளாறுக்காக 2005இல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது.

நேரம் காலமே இல்லாமல் அணைந்தால் ராமைப் பார்க்கலாம். இரண்டு இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது எளிது. விண்டோஸ் வேறு ஒரு கள்ளத்தனம் செய்யும்: நீலத்திரையில் பிழையைக் காட்டி, படிப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிடும். 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி'யில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிட்டால் திரை அப்படியே நிற்கும். ஈவென்ட் வியூவரில் தெரியும் 'கெர்னல் பவர் 41' என்ற வரியை நம்பி எதையும் வாங்கிவிடாதீர்கள். முறைப்படி ஷட் டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை.

மிச்சம் கம்ப்யூட்டருக்குள் கரண்டைப் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி. மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையே மல்டிமீட்டர் 11.4க்கும் 12.6 வோல்ட்டுக்கும் நடுவே காட்ட வேண்டும். சரியாகக் காட்டினாலும் நொடிநேரச் சரிவு மீட்டரில் சிக்காது. தெரிந்தவரிடம் நல்லது ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதே உறுதியான சோதனை. அந்தப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.