சேற்றுக்கு மருந்து கண்ட சர்வகலாசாலை

பூமிக்குள் எண்ணெய் இருப்பது ஒரு தேசத்தின் அதிர்ஷ்டம். அதை எடுக்கும் வித்தை அந்தத் தேசத்தார் கையில் இருக்கிறதா என்பது வேறு விஷயம். அஸ்ஸாமில் திக்பாயில் 1889-லேயே எண்ணெய் கண்டார்கள்; 1901-ல் சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தது. ஆயினும் வித்தையும் லாபமும் நெடுங்காலம் வெள்ளைக்காரக் கம்பெனியிடமே இருந்தன.

பஞ்சாபில் ராவல்பிண்டிப் பக்கத்து அட்டாக் எண்ணெய்க் கம்பெனி 1930-களில் ஒரு சங்கடத்தில் அகப்பட்டுக் கொண்டது. எண்ணெய்க் கிணறு தோண்டுகையில் களிமண் குழம்பைக் குழாய் வழியே உள்ளே செலுத்துவார்கள். துளைக்கும் கருவியின் சூட்டைத் தணிப்பதும், உடைந்த கல்லை மேலே சுமந்து வருவதும், கிணற்றின் சுவர் இடிந்து விழாமல் தாங்குவதும் அந்தக் குழம்புதான். அங்கேயோ, பூமிக்குள் உப்பு பட்டதும், புளி பட்ட பாலைப் போல் குழம்பு திரிந்து கெட்டிப்பட்டுவிடும். வேலை நின்று போகும்.

கம்பெனியார் லாகூர் சென்று, பஞ்சாப் சர்வகலாசாலையின் ரஸாயனப் பேராசிரியர் சாந்தி ஸ்வரூப் பட்நாகரை நாடினர். அவர் இயந்திரத்தை மாற்றச் சொல்லவில்லை. நம் நாட்டுப் பிசின் ஒன்றைக் குழம்பில் சேர்க்கச் சொன்னார். குழம்பு இளகிற்று, உப்பின் ஜம்பமும் அடங்கிற்று!

மகிழ்ந்து போன லண்டன் ஸ்டீல் பிரதர்ஸ் கம்பெனியார், மேற்கொண்டு ஆராய்ச்சிக்கென்று ஒன்றரை லக்ஷம் ரூபாய் அளிக்க முன்வந்தனர். அன்றைய ஒன்றரை லக்ஷம்! பட்நாகர் தமக்கென ஒன்றும் வைத்துக் கொள்ளாமல், பணத்தைச் சர்வகலாசாலை மூலமாகவே செலவிடச் செய்தார். பெட்ரோலிய ஆராய்ச்சிப் பகுதி அவ்வாறு பிறந்தது. மாணவர்கள் உபகாரச் சம்பளம் பெற்று, மெழுகின் நாற்றத்தைப் போக்கவும், மண்ணெண்ணெய் விளக்கின் சுடரை உயர்த்தவும், கழிவுப் பொருள்களைப் பயன்படுத்தவும் வழி தேடினார்கள். (நம் கலாசாலைகளில் பிசினைப் பற்றிப் பாடம் உண்டு, பிசினைத் தொட்டுப் பார்த்த மாணவர் எத்தனை பேர் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.)

1947-ல் அந்தச் சர்வகலாசாலையும் அட்டாக் கிணறுகளும் பாகிஸ்தானைச் சேர்ந்தன. பாரதம் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. 1956-ல் எண்ணெய், இயற்கை வாயுக் கமிஷன் அமைந்தது. ருஷ்ய நிபுணர்கள் துணைக்கு வந்தனர். இரவல் ஆசான்களை எத்தனை நாள் நம்புவது? 1926-ல் நிலக்கரிக்காகத் தோன்றிய தன்பாத் சுரங்கக் கலாசாலை, 1957-ல் பெட்ரோலிய இஞ்சினீயரிங் போதிக்க முன்வந்தது. மறு வருஷமே குஜராத்தில் காம்பேயிலும், 1960-ல் அங்கலேசுவரத்திலும் எண்ணெய் தென்பட்டது. 1974-ல் பம்பாய்க் கடலில் எண்ணெய் கண்ட ‘ஸாகர் ஸாம்ராட்’ தளம் ஜப்பானில் செய்தது. அதை ஏவியது நமது கமிஷன்.