தோட்டத்து மலேரியா: மாணவர் கட்டுரையில் திருத்த வேண்டிய ஒரு வாக்கியம்



'தொற்றுநோய்த் தடுப்பு' என்று தலைப்பு கொடுத்தால் போதும், பலர் இப்படித்தான் தொடங்குறாங்க: "அக்காலத் தோட்ட மக்கள் தூய்மை பேணாததால் மலேரியா பரவியது." இந்த வாக்கியத்துக்கு நான் சிவப்புக் கோடு போடுவேன். ஏன்? பார்ப்போம்.

1. நோய் எப்படி வந்தது?

கெடாவில் கூலிம், சுங்கை பட்டாணி, பீடோங், பாலிங் வட்டாரங்களில் காட்டை அழித்து ரப்பர் நட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் பினாங்கு வந்தவர்களை ஜெரஜாக் தீவில் தனிமைப்படுத்திச் சோதித்தார்கள். காலராவையும் அம்மையையும் துறைமுகத்திலேயே தடுப்பது அதன் நோக்கம். மலேரியாவோ தோட்டத்திலேயே காத்திருந்தது.

மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் ரொனால்ட் ராஸ் கண்டது 1897இல். 1901இல் சிலாங்கூர், கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் புதர்களை வெட்டிச் சதுப்பு நீரை வடித்தார்; காய்ச்சல் குறைந்தது. ஆனால் மேட்டு நிலத் தோட்டங்களில் காட்டை வெட்டியபோது காய்ச்சல் கூடியது!

காரணம், கொசு வகை வேறு. தாழ்நிலத்து 'அனோபிலிஸ் அம்புரோசஸ்' நிழலான நீரில் முட்டையிடும். மேட்டு நிலத்து 'அனோபிலிஸ் மெக்குலேட்டஸ்' வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடும். மரங்கள் விழுந்ததும் ஓடையில் வெயில் பட்டது, கொசு பெருகியது. லயத்து வாசலை எவ்வளவு கூட்டினாலும் இந்தக் கொசு குறையாது.

2. எப்படிக் கட்டுப்படுத்தினார்கள்?

அ) எண்ணெய் தெளித்தல்: நீரின் மேல் எண்ணெய்ப் படலம் பரவினால் கொசுப்புழு மூச்சுவிட முடியாது. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒன்றிரண்டு வாரமே ஆகும் என்பதால், வாராவாரம் தெளிக்க வேண்டும்.

ஆ) நிலத்தடிக் குழாய்: ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியே செலுத்தினால் கொசு முட்டையிட இடமிருக்காது.

இ) கொய்னா மருந்து: பிரட்டுக்களத்தில் தொழிலாளர்களுக்குக் கொடுக்கப்பட்ட கசப்பு மருந்து.

எண்ணெய்க்கும் குழாய்க்கும் பணம் வேண்டும். அந்தப் பணமும் அதிகாரமும் தோட்ட நிர்வாகத்திடம் இருந்தன, பால்மரம் வெட்டியவரிடம் இல்லை. கழிப்பறையும் நல்ல குடிநீரும் இல்லாமல் பரவிய வயிற்றுப்போக்குக்கும் கொக்கிப்புழுவுக்கும் இதே விளக்கம் பொருந்தும்.

3. இன்று?

தீபகற்ப மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் 1967இல் தொடங்கியது. மனிதரிடையே பரவும் மலேரியா உள்நாட்டில் 2018 முதல் பதிவாகவில்லை. குரங்கிலிருந்து தொற்றும் வகை மட்டும் தொடர்கிறது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் தெளிந்த நீரைத்தான் தேடும். பூச்சாடித் தட்டு, மூடாத வாளி போதும் அதற்கு. நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதார அதிகாரிகள் வீட்டு வளாகத்துக்குள் வந்து சோதிக்கலாம்.

ஆகவே மாணவர்களே, இப்படி எழுதிப் பாருங்கள்: "காடழிப்பால் கொசு பெருகியது, தடுப்பு வசதிகள் போதாத தோட்டங்களில் மக்கள் மலேரியாவுக்குப் பலியாயினர்." அந்த மக்கள் நம் கொள்ளுத் தாத்தா பாட்டிகள். அவர்களைப் பற்றித் தப்பாக எழுதிவிடக் கூடாது, இல்லையா?

பயிற்சி: காட்டை வெட்டியதால் கிள்ளானில் காய்ச்சல் குறைந்ததும் மேட்டு நிலத்தில் கூடியதும் ஏன்? 80 சொற்களில் விளக்குக.